பகலில் பறக்கும் யூட்டெதைசா அந்துப்பூச்சி: புல்லில் கண்டுபிடிப்பது முதல் அறிவியல் பெயர் எழுதுவது வரை

மழை ஓய்ந்து புல் முழங்கால் உயரம் வளர்ந்த தரிசு நிலத்தில் நடந்தால், காலடியிலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து, பத்தடி தள்ளிப் போய்ப் புல்லுக்குள் விழும். கிட்டே போய்ப் பார்த்தால் பாலாடை நிற இறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். பெரும்பாலானோர் அதை வண்ணத்துப்பூச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது யூட்டெதைசா என்ற பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி. சணப்பு போடும் விவசாயிகளுக்கு அதன் புழு பழக்கமானதுதான்.

இந்தப் பூச்சியைக் கண்டுபிடிப்பது சுலபம். சரியான பெயரோடு பதிவு செய்வதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் படிகளை மாற்றிச் செய்வதால். படம் எடுத்ததும் பூச்சியை அடையாளம் சொல்லும் கைபேசிச் செயலியைக் கேட்பது, அது சொன்ன சிற்றினப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது, அப்புறம் ஆதாரம் தேடுவது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

1. கிளம்பும் முன் வேண்டியவை

பெரிய கேமரா கட்டாயம் இல்லை. பூச்சி 3 முதல் 4 செ.மீ. இறகு விரிப்பு கொண்டது, அதனால் கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். கைபேசியில் தேதியும் இருப்பிடமும் படத்தோடு பதிவாகிறதா என்று வீட்டிலேயே சரிபார்த்துவிடுங்கள். வயலில் நிற்கும்போது அமைப்புகளைத் தோண்டிக்கொண்டிருந்தால் பூச்சி காத்திருக்காது.

ஒரு சிறிய நோட்டு, பென்சில், 15 செ.மீ. ஸ்கேல். கணுக்கால் வரை மறைக்கும் பேன்ட், மூடிய ஷூ. புல்லுக்குள் பாம்பும் இருக்கும், நெருஞ்சி முள்ளும் இருக்கும்.

வலை வேண்டாம். இந்தப் பூச்சி தானாகவே பக்கத்தில் வந்து உட்காரும், துரத்திப் பிடிக்க அவசியமே இல்லை. காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ அனுமதி இல்லாமல் பூச்சியைப் பிடித்து எடுத்துப்போவது சட்டப்படி குற்றமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. பூச்சியைத் தேட வேண்டாம், செடியைத் தேடுங்கள்

கிலுகிலுப்பை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்தப் பூச்சியின் குடும்பமே வாழ்கிறது. கிலுகிலுப்பை எனப்படும் குரோட்டலேரியா பேரினத்துச் செடிகளின் இலை, பூ, காய் எல்லாவற்றையும் புழு தின்னும். தேள்கொடுக்கு போன்ற ஹீலியோட்ரோப்பியம் செடிகளும் அதற்கு உணவு. இந்தச் செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சு இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது, வளர்ந்த பூச்சியிலும் அந்த நச்சு தங்குகிறது. பகல் வெளிச்சத்தில், பறவைகள் பார்க்கும்படி, பளிச்சென்ற நிறத்தோடு இது அலட்டிக்கொள்ளாமல் பறப்பதன் காரணம் இந்த நச்சுதான்.

ஆகவே முதல் வேலை செடியை உறுதி செய்வது. அவரைப் பூ மாதிரியான மஞ்சள் பூ, உப்பிய காய், காய்ந்ததும் குலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். சணப்பும் இதே பேரினம்தான். எல்லாக் கிலுகிலுப்பையும் மஞ்சளாகப் பூக்காது. குரோட்டலேரியா வெருகோசா நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் பூக்கும். இலையும் மாறும்: சணப்புக்குத் தனி இலை, குரோட்டலேரியா பல்லிடாவுக்கு மூன்று சிற்றிலைகள்.

இங்கே நடக்கும் தவறு, மஞ்சள் பூ கண்டால் போதும் என்று ஆவாரம்பூப் புதரிலோ தக்கைப்பூண்டிலோ நின்றுவிடுவது. ஆவாரையின் காய் தட்டையாக இருக்கும், தக்கைப்பூண்டின் காய் குச்சி போல நீளமாக, மெலிந்து இருக்கும். இரண்டுமே உப்பாது. காயைப் பார்த்த பிறகு செடியின் பெயரைச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை, ரயில் பாதை ஓரத் தரிசு, காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு மாதிரியான மேய்ச்சல் நிலம், பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்த வயல் எல்லாமே பார்க்கத் தகுந்த இடங்கள். வயல் என்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். சணப்பைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுவார்கள், அதற்கு முன்னால் போக வேண்டும்.

3. எழுப்புங்கள், இறங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

செடி இருக்கும் இடத்தைச் சுற்றி மெதுவாக நடந்தாலே பூச்சி எழும். பறப்பது தாழ்வாக, படபடவென்று, கொஞ்ச தூரம்தான். பறக்கும்போது வெள்ளைப் பின்னிறகு தெரியும். இறங்கிய நொடியில் வெள்ளை காணாமல் போய்விடும், ஏனென்றால் உட்கார்ந்ததும் முன்னிறகுகளை உடம்பைச் சுற்றிச் சுருட்டிக்கொள்கிறது. கண் வெள்ளையையே தேடிக்கொண்டிருந்தால், காலடியில் இருக்கும் பூச்சியைத் தாண்டிப் போய்விடுவோம்.

அதனால் பறக்கும் பூச்சியின் பின்னால் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, அது எந்தப் புல் தண்டில் இறங்கியது என்று பாருங்கள். பிறகு புல் தண்டின் நடுப்பகுதியில், தண்டோடு ஒட்டி நிற்கும் மெல்லிய, வெளிறிய சுருள் ஒன்றைத் தேடுங்கள். நிழல் அதன் மேல் விழாதபடி பக்கவாட்டில் நெருங்க வேண்டும். நிழல் பட்டால் மறுபடி எழும்.

வெயில் ஏறுவதற்கு முன் போனால் பூச்சி சோம்பலாக இருக்கும், கிட்டே போகலாம். வெயில் ஏறிய பிறகு எண்ணிக்கை நன்றாகத் தெரியும், ஆனால் படம் கிடைப்பது கஷ்டம். இரண்டுக்கும் நேரம் ஒதுக்க முடிந்தால் நல்லது. இரவில் விளக்குக்கும் இது வரும். ஆனால் விளக்குத் திரையில் எடுத்த படத்தில் செடியோ வாழிடமோ இருக்காது, பாதி ஆதாரம் போய்விடும்.

4. படங்களின் வரிசை

எடுக்கிற வரிசை முக்கியம், பூச்சி எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடும். முதலில், தூரத்திலிருந்தே, அது உட்கார்ந்திருக்கும் செடியோடு சேர்த்து ஒரு படம். அடுத்து மேலிருந்து, முன்னிறகுப் புள்ளிகள் முழுதும் தெரியும்படி. அதற்கடுத்து பக்கவாட்டில். கடைசியாகத் தலைக்கு நேர் எதிரில், உணர்கொம்பு இரண்டும் கூர்மையாக விழும்படி.

பலரும் நேராக நான்காவது படத்துக்குத் தாவி, பூச்சியைப் பறக்கவிட்டுவிட்டு வெறும் புல்லைப் படம் எடுத்து வருகிறார்கள்.

பின்னிறகு இன்னொரு சிக்கல். வெள்ளை நிறத்தில், ஓரத்தில் ஒழுங்கற்ற கறுப்புப் பட்டையோடு இருக்கும் அந்த இறகு உட்கார்ந்த நிலையில் தெரியாது. அதற்காகப் பூச்சியைக் குச்சியால் விரிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், செதில் உதிர்ந்து புள்ளிகளே அழிந்துவிடும். அது தானாக எழும் நேரத்தில் தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கும் முறையில் வைத்து முயலுங்கள். மங்கலாக விழுந்தாலும் பட்டையின் அமைப்பு தெரிந்தால் போதும்.

பூச்சி போன பிறகு, அது உட்கார்ந்திருந்த இலை அல்லது தண்டின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து இன்னொரு படம். அளவை இப்படிப் பின்னால் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கையால் பிடிக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொந்தரவு செய்தால் இந்தப் பேரினத்துப் பூச்சிகள் மார்புப் பகுதியிலிருந்து நுரையாக ஒரு திரவத்தைக் கசியவிடும், அதிலும் நச்சு இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் யூட்டெதைசா ஆர்னாட்ரிக்ஸை வைத்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னர் செய்த ஆய்வுகளில், வலையில் மாட்டிய இந்தப் பூச்சியைச் சிலந்தி தின்னாமல், நூலை அறுத்து வெளியே விட்டுவிடுவது பதிவாகியிருக்கிறது. தீனியைத் தானே விடுதலை செய்யும் சிலந்தியை வேறெங்கே பார்க்க முடியும்!

5. புழுவையும் பார்த்துவிட்டு வாருங்கள்

பூச்சி ஒரு நிமிஷம் தெரியும், புழு நாள் முழுக்க அங்கேயே இருக்கும். அதனால் திரும்பும் முன் கிலுகிலுப்பைக் காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். காயில் வட்டமாக ஒரு துளை, துளை வாயில் கறுப்பாகக் கழிவு, உள்ளே பாதி தின்ற விதைகள் இருந்தால் புழு வேலை செய்திருக்கிறது. சில சமயம் தலை உள்ளேயும் பின்பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டது போலத் தெரியும். கரும்சாம்பல் உடம்பு, வெள்ளைக் கோடுகள், செம்மஞ்சள் புள்ளிகள், சிறு மேடுகளிலிருந்து கிளம்பும் மெல்லிய முடிகள்.

ஆனால் துளை மட்டும் ஆதாரம் ஆகாது. ஆர்ஜினா ஆஸ்ட்ரியா என்ற இன்னொரு அந்துப்பூச்சியின் புழுவும் கிலுகிலுப்பைக் காயைத் துளைக்கும், வேறு புழுக்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு புழுவை வளர்த்துப் பார்ப்பதே நல்ல வழி.

காற்றுப் போகும் டப்பா, அடியில் டிஷ்யூ காகிதம், அதே செடியின் இலையும் காயும். தினமும் பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும், ஈரமும் கழிவும் தேங்கினால் பூஞ்சை பிடித்துப் புழு செத்துப்போகும். பெரிதானதும் காய்ந்த இலைச் சருகு கொஞ்சம் போடுங்கள், அதற்குள்தான் மெல்லிய கூடு கட்டி கூட்டுப்புழுவாகும். பூச்சி வெளியே வந்ததும் இறகு உலரும்வரை விட்டுவிட்டுப் பிறகு படம் எடுக்கலாம். செதில் ஒன்றுகூட உதிராத புத்தம்புது பூச்சி, அது தின்று வளர்ந்த செடியின் பெயரோடு. வயலில் எடுத்த படத்தைவிட இது வலுவான ஆதாரம். எடுத்த இடத்திலேயே பூச்சியைத் திரும்ப விட்டுவிடுங்கள்.

செடியின் பெயரை நோட்டில் எழுதாமல் புழுவை எடுத்து வருபவர்கள் மறுநாள் எந்த இலையைப் போடுவது என்று விழிக்கிறார்கள். இந்தப் புழு கண்டதைத் தின்னாது.

6. வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியா?

இப்போது வீட்டில், படங்களோடு உட்காருங்கள். பகலில் பறக்கிறது, பளிச்சென்று இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் ஒதுக்கிவையுங்கள், இரண்டுமே எதையும் நிரூபிக்காது. உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். யூட்டெதைசாவுக்கு நூல் போல, நுனிவரை மெலிந்தே போகும். இறகை உடம்போடு சுருட்டி வைக்கும் உட்காரும் முறையும் வண்ணத்துப்பூச்சிகளிடம் கிடையாது.

இந்தப் படியைத் தாண்டிப் போனால், கிலுகிலுப்பையின் காய்ந்த தண்டில் மொய்க்கும் நீல வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் படங்களோடு இதையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவீர்கள். அவையும் அதே ஆல்கலாய்டுக்காகத்தான் வருகின்றன, ஆனால் நெருங்கிய உறவு இல்லை.

7. மாற்றி எண்ணக்கூடியவற்றை விலக்குங்கள்

நம் பகுதியில் குழப்புவது முக்கியமாக ஆர்ஜினா ஆஸ்ட்ரியா. அதே செடி, அதுவும் பகலில் தென்படும். ஆனால் அதன் முன்னிறகு ஆரஞ்சு நிறம், கறுப்புப் புள்ளிகளைச் சுற்றி வெளிறிய வளையம், பின்னிறகும் ஆரஞ்சு. யூட்டெதைசாவுக்கு அடிநிறமே பாலாடை வெள்ளை, பின்னிறகு வெள்ளை. பின்னிறகைப் பார்த்தவர் இந்த இடத்தில் தவறவே மாட்டார்.

அப்புறம் அமாட்டா பஸ்ஸாலிஸ். குளவி மாதிரி, கரிய இறகில் கண்ணாடி போன்ற திட்டுகள், வயிற்றில் மஞ்சள் பட்டை. தோற்றத்தில் துளிகூட ஒற்றுமை இல்லை, ஆனால் வகைப்பாட்டில் இதுவும் யூட்டெதைசாவும் ஒரே துணைக்குடும்பம். ஒன்று போல இருப்பதை வைத்து உறவு கட்டக்கூடாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே போதும்.

8. வகைப்பாடு: மேலிருந்து கீழே இறங்குங்கள்

கீழிருந்து, அதாவது சிற்றினத்திலிருந்து ஆரம்பித்தால், அது தவறும்போது எல்லாமே தவறும். மேலிருந்து வந்தால், எந்தப் படிவரை நம் ஆதாரம் தாங்குகிறது என்று தெரியும்.

விலங்குலகம். தொகுதி, கணுக்காலிகள். வகுப்பு, பூச்சிகள். வரிசை, லெபிடோப்டெரா, அதாவது செதில் போர்த்த இறகுள்ளவை. இதுவரை யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது பெருங்குடும்பம், நாக்டுவாய்டியா. மார்பின் பின்கண்டத்தில் செவிப்பறை இருப்பது இதன் அடையாளம். உங்கள் படத்தில் அது தெரியாது, தேட வேண்டாம். இந்தப் படியை நாம் பேரினத்தை வைத்துத்தான் உறுதி செய்கிறோம்.

குடும்பம், எரிபிடே. இங்கேதான் பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அவற்றில் குடும்பம் ஆர்க்டிஐடே என்று இருக்கும். 2011, 2012 ஆண்டுகளில் வெளியான மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் அந்தக் குடும்பம் முழுவதும் எரிபிடேவுக்குள் ஆர்க்டிஐனே என்ற துணைக்குடும்பமாக இறக்கப்பட்டது. பழையதும் புதியதும் இரண்டு வெவ்வேறு குழுக்கள் இல்லை, அதே குழு ஒரு படி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் குழம்பாமல் இருக்கப் பெயரின் வால் உதவும். விலங்குகளில் பெருங்குடும்பப் பெயர் ஆய்டியா என்று முடியும், குடும்பம் ஐடே, துணைக்குடும்பம் ஐனே, அதற்கும் கீழே உள்ள இனக்குழு ஐனி. ஆர்க்டிஐடே, ஆர்க்டிஐனே, ஆர்க்டிஐனி மூன்றும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். வாலைப் படித்தால் எது எந்தப் படி என்று உடனே பிடிபடும். நம் பூச்சியின் இனக்குழு ஆர்க்டிஐனி.

பேரினம், யூட்டெதைசா. பாலாடை நிற முன்னிறகில் கறுப்பும் சிவப்பும் மாறிமாறி வரும் புள்ளிகள், ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு வெள்ளைப் பின்னிறகு, சுருட்டிய உட்காரும் நிலை, கிலுகிலுப்பை. நான்கும் சேர்ந்தால் இந்தப் படிவரை தைரியமாக எழுதலாம். பழைய நூல்களில் தேடும்போது டெயோபெயா என்ற பேரினப் பெயரிலும் பாருங்கள், டெயோபெயா புல்கெல்லா என்று நிறைய இடங்களில் இருக்கும்.

9. சிற்றினத்தில் எங்கே நிற்பது?

இந்தியாவில் இரண்டு சிற்றினங்கள் இப்படி இருக்கின்றன: யூட்டெதைசா புல்கெல்லா, யூட்டெதைசா லோட்ரிக்ஸ். புல்கெல்லா ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா, மேற்காசியா வழியாக இந்தியா வரை பரவியது. லோட்ரிக்ஸ் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கி ஆஸ்திரேலியா வரை போகிறது. இரண்டின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் நாம் இருக்கிறோம். மூன்றாவதாக யூட்டெதைசா புல்கெல்லாய்டிஸ், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை உண்டு.

வெளித்தோற்றத்தில் இவை அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். புள்ளியின் அளவும் நிறத்தின் அழுத்தமும் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மாறும். உறுதியாகப் பிரிக்க ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அது பூச்சியியல் ஆய்வகத்து வேலை.

ஆகவே கைபேசிப் படத்தை வைத்துக்கொண்டு சிற்றினம் எழுதுவது நேர்மையான பதிவு ஆகாது. செயலி 'புல்கெல்லா' என்று முதலில் காட்டினால், அந்தப் பெயரில் அதிகப் படங்கள் அதற்குப் பழக்கம் என்று மட்டும்தான் பொருள். பேரினத்தோடு நிறுத்துங்கள். 'சிற்றினம் தெரியவில்லை என்றால் பதிவுக்கு என்ன மதிப்பு?' என்று கேட்பார்கள். தேதி, இடம், செடி மூன்றும் சரியாக உள்ள பேரினப் பதிவை, பிறகு ஒரு வல்லுநர் எடுத்துப் பயன்படுத்தலாம். தவறான சிற்றினப் பெயரோடு உள்ள பதிவு, பரவல் வரைபடத்தில் ஒரு பொய்ப் புள்ளி.

வேளாண் கையேடுகளில் சணப்புக் கம்பளிப்புழுவுக்கு யூட்டெதைசா புல்கெல்லா என்றே போட்டிருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு அது போதும். அதையே ஆதாரமாகக் காட்டி உங்கள் படத்துக்குப் பெயர் வைக்காதீர்கள்.

10. பெயரை எழுதும் முறை

லத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினப் பெயரின் முதல் எழுத்து பெரியது, சிற்றினப் பெயர் முழுதும் சிறியது, இரண்டும் சாய்வெழுத்தில். குடும்பப் பெயருக்குச் சாய்வு கிடையாது. பேரினத்தோடு நிறுத்தினால் அதற்குப் பின் சிற்றினத்தைக் குறிக்கும் sp என்ற சுருக்கத்தை நேர் எழுத்தில் போட்டு, புள்ளி வையுங்கள்.

சிற்றினத்தை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் சேர்க்கும்போது அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. யூட்டெதைசா புல்கெல்லா (லின்னேயஸ், 1758) என்று எழுத வேண்டும், ஏனென்றால் லின்னேயஸ் அதை வேறு பேரினத்தில் வைத்தார், பிறகுதான் இங்கே மாறியது. யூட்டெதைசா லோட்ரிக்ஸ் (கிராமர், 1777) அதே காரணத்தால் அடைப்புக்குள். ஆனால் யூட்டெதைசா புல்கெல்லாய்டிஸ் ஹாம்ப்சன், 1907 என்பதற்கு அடைப்பு வரக்கூடாது, ஹாம்ப்சன் முதலிலேயே இந்தப் பேரினத்தில் வைத்துத்தான் விவரித்தார். எல்லாவற்றுக்கும் அடைப்புப் போடுவதும், ஒன்றுக்குமே போடாமல் விடுவதும் மாணவர் அறிக்கைகளில் நான் அடிக்கடி பார்ப்பது.

11. பதிவேற்றும்போது

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல், மாத்ஸ் ஆஃப் இந்தியா என்று உயிரினப் பதிவுகளுக்கான இணையதளங்கள் உண்டு, எதில் வேண்டுமானாலும் போடலாம். ஒரே பூச்சியின் எல்லாப் படங்களும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். படத்துக்கு ஒரு பதிவாகப் போட்டால் ஒரு பூச்சி நான்காகிவிடும். மாறாக, ஒரு பதிவில் இரண்டு பூச்சிகளைக் கலப்பதும் கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பதிவேற்றாதீர்கள். அனுப்பும்போதே தேதியும் இருப்பிடமும் அதிலிருந்து கழன்றுவிடும், பதிவேற்றிய நாளையே பார்த்த நாளாகக் கொடுத்துவிடுவோம். நண்பர் எடுத்தது என்றால் அவரையே மூலக்கோப்பிலிருந்து போடச் சொல்லுங்கள்.

குறிப்புப் பகுதியில் செடியின் பெயர், பகலில் எழுந்ததா விளக்குக்கு வந்ததா, புழுவும் இருந்ததா என்று மூன்று வரி எழுதுங்கள். செடிக்குத் தனியாக ஒரு பதிவு போட்டு இணைத்தால் இன்னும் நல்லது, பூச்சி ஆட்கள் கிலுகிலுப்பையில் தவறுவதைத் தாவரவியல் ஆட்கள் வந்து திருத்துவார்கள்.

யாராவது சிற்றினப் பெயர் போட்டால் உடனே 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தாதீர்கள். ஐநேச்சுரலிஸ்டில் அடையாளம் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரம் பெற்றுவிடும், திறந்த உரிமம் இருந்தால் அங்கிருந்து உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தரவுத்தளத்துக்கும் போகும். எந்த அடையாளத்தை வைத்துப் பிரித்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பதில் இனப்பெருக்க உறுப்பைப் பற்றி இல்லை என்றால், உங்கள் அடையாளத்தைப் பேரினத்திலேயே வைத்திருங்கள்.